படுவை சாயாது

ஜூன் 4

மதிப்பிற்குரிய அகராதிப் பதிப்பாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் உங்கள் அண்ணனின் மனைவி. எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாததால் நினைவிருக்குமோ இருக்காதோ என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களுக்குப் பதினொரு வயதாக இருந்தபோது இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள். பள்ளிக்கூடத்துக்குத் தலை வாரி அனுப்பியவள் என்ற உரிமையில் இதுவரை 'நீ' என்றுதான் எழுதியிருக்கிறேன். இன்றைக்கு 'நீங்கள்'. ஏன் என்று உங்களுக்கே புரியும்.

விஷயத்துக்கு வருகிறேன். போன செவ்வாய்க்கிழமை படகுத்துறை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, நம் துறையில் கட்டியிருக்கும் நாற்பத்தோரு படகுக்காரர்களுக்கும் ஆளுக்கொரு காகிதம் கொடுத்துவிட்டுப் போனார். 'படுவை' என்ற சொல் இனிமேல் உல்லாசப் படகு விடும் புதுக் கம்பெனிக்குச் சொந்தமாம். அறுபது வருடத்துக்கு முன்னால் இந்த ஆற்றில் சரக்கு ஏற்றிக் கொஞ்ச காலம் ஓட்டிப் பார்த்துவிட்டு மூடிப்போன பழைய கம்பெனி இருந்ததே, அதன் பெயரையும் காகிதங்களையும் இவர்கள் வாங்கியிருக்கிறார்கள். படுவை என்ற பெயரையே அந்தப் பழைய கம்பெனிதான் வைத்ததாம். ஆகவே நாங்கள் படகின் பக்கப் பலகையில் அந்தச் சொல்லை எழுதக் கூடாது, சங்கத்தின் பெயரிலும் வைத்துக்கொள்ளக் கூடாது. ஆட்சேபம் இருந்தால் ஜூலை இருபதாம் தேதி வணிகப் பெயர்ப் பதிவு அலுவலகத்தில் நடக்கும் விசாரணையில் சொல்லலாம். அங்கே தோற்றால் பெயரை அழிக்க வேண்டும். அழிக்காத படகுக்குத் துறையில் கட்டும் உரிமம் கிடையாது.

இதற்கெல்லாம் என்ன சாட்சி என்று கேட்டேன். அவர் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து நீட்டினார். உங்கள் அகராதி. நான்காம் தொகுதி, பக்கம் 812. அப்படியே எழுதுகிறேன்:

'படுவை: தட்டையான அடியுள்ள ஆற்றுப் படகு. சரக்குக் கம்பெனி ஒன்று தன் படகுகளுக்கு இட்ட பெயர். "…படுவை எனப் பெயரிட்டு இயக்குகிறோம்." (கம்பெனியின் கால அட்டவணை, முன்னுரை.)'

"அகராதியிலயே இருக்கேம்மா, நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார் அவர். அந்த அகராதியை எழுதினது யார் தெரியுமா என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டேன். சுற்றி நின்றவர்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள்.

அழிந்துபோன சாமான் எதையோ பற்றிப் பேசுகிறோம் என்று உங்கள் ஊரில் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். இன்று காலை என் படுவையில் ஏறியது: அக்கரைப் பள்ளிக்கூடத்துக்கு முப்பது பெஞ்சு, ஒரு பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, அதைத் தனியாக அனுப்ப மாட்டேன் என்று கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தப் பல் டாக்டர். எங்களுக்கு மூச்சுவிட நேரமில்லை.

கேள்வி ஒன்றுதான். அந்தப் பெயரைக் கம்பெனி வைத்தது என்று உங்களுக்கு யார் சொன்னது?

இப்படிக்கு,
தலைவி, படுவைக்காரர் சங்கம்
(பெயரை அழிக்கவில்லை, அழிப்பதாகவும் இல்லை.)


ஜூன் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் 'நீங்கள்' என்று எழுதியதைப் பார்த்ததும் எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் உங்கள் முகம் பார்க்கும் கண்ணாடியை உடைத்தேனே, அன்றைக்கு நீங்கள் திட்டவே இல்லை. நாள் முழுக்க "சாப்பிட்டீங்களா? படிச்சீங்களா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். சாயங்காலம் நானே அழுதுவிட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு அட்டை. சொல், பொருள், அது அச்சில் முதன்முதலாக எங்கே வந்தது என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். வாய்ப்பேச்சில் கேட்டதைப் பதியவும் அட்டையின் பின்பக்கத்தில் கட்டங்கள் உண்டு. ஆனால் அச்சுச் சான்று கிடைத்தால் அதற்குத்தான் முதலிடம். படுவை என்ற சொல் அச்சேறியது அந்தக் கால அட்டவணையில்தான். அதற்கு முந்தைய சான்று எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்ததை வைத்து எழுதினோம். நான் எழுதியது அகராதி, சட்டம் இல்லை. அதை எடுத்து ஒரு கம்பெனி உங்கள் மேல் வீசினால் நான் என்ன செய்ய முடியும்?

தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஒரு யோசனை. 'தட்டைப் படகு' என்று எழுதிக்கொண்டால் என்ன? பொருள் அதேதான். பெஞ்சு ஏற்றுகிறவர்கள் பலகையில் என்ன சொல் இருக்கிறது என்று பார்த்தா ஏற்றுகிறார்கள்? ஒரு சொல்லுக்காக உரிமத்தைப் பணயம் வைக்க வேண்டாம் என்பது என் எண்ணம்.

அண்ணன் எப்படி இருக்கிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

தம்பி


ஜூன் 16

தம்பி,

'நீங்கள்' போதும். அதற்கும் ஒரு தகுதி வேண்டும்.

தட்டைப் படகு என்று எழுதிக்கொள்ளச் சொல்கிறாய். நாளைக்கு உன்னை யாராவது 'கண்ணாடி போட்ட ஆள்' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாயா? பொருள் அதேதானே? உன் கடிதத்தைச் சங்கத்தில் படித்துக் காட்டினேன். மோட்டார் மெக்கானிக் எழுந்து நின்று, "ரொம்பப் படிச்சவங்க ரொம்பத் தெளிவா நம்மள கைகழுவி விட்டுட்டாங்க" என்று கைதட்டினார். எனக்கு மானம் போயிற்று.

அச்சில் சான்று இல்லை என்கிறாய். சரி, அச்சில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன், கேள்.

கல்யாணம் முடிந்து என்னை இந்த வீட்டுக்கு அழைத்து வந்த நாள். நான் மேட்டு நிலத்துக்காரி, அதற்கு முன் ஆற்றில் கால் வைத்ததில்லை. கடல் பக்கத்தில் இருப்பதால் இந்த ஆற்றில் தினம் இரண்டு தடவை தண்ணீர் ஏறும், வற்றும் என்பதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? பாதி தூரத்தில் வற்றத் தொடங்கியது. நமக்குப் பின்னால் கூரான அடியுள்ள பெரிய படகு ஒன்று வந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறங்க இறங்க அது ஒரு பக்கமாகச் சாய்ந்து, அதில் இருந்தவர்கள் ஒருவர் மேல் ஒருவர் சரிந்து கூச்சல் போட்டார்கள். நம் படகும் சேற்றில் தட்டியது. நான் கண்ணை மூடிக்கொண்டு பெட்டியைக் கட்டிப் பிடித்தேன். அப்போது என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பொடியன் என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தான்.

"பயப்படாதீங்க அண்ணி. இது சாயாது. படுக்கும். அதனாலதான் இதுக்குப் படுவைன்னு பேரு. தண்ணி வந்ததும் எந்திரிச்சுக்கும்."

அப்படியேதான் நடந்தது. உள்ளே இருந்த பால் பானையிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல் படகு சேற்றில் படுத்தது. பாலைக் காய்ச்சி, எல்லோருக்கும் டீ போட்டார்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தண்ணீர் வந்தது, எழுந்து கிளம்பினோம். பெரியவர்கள் யாரும் எனக்கு அந்தச் சொல்லின் அர்த்தத்தைச் சொல்லவில்லை. நீதான் சொன்னாய். உனக்கு உன் அப்பா சொன்னார், அவருக்கு அவர் அப்பா சொல்லியிருப்பார். அந்தக் கம்பெனி வருவதற்கு முன்னாலேயே இந்தச் சேறு இருந்தது, இந்த வற்றுத் தண்ணீர் இருந்தது. பெயர் மட்டும் இல்லாமல் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்களா, கம்பெனிக்காரன் வந்து வைக்கட்டும் என்று?

இன்னொன்று. அந்த நகலைச் சங்க மேசையில் விரித்து எல்லோருமாகப் பார்த்தோம். கம்பெனியின் வார்த்தை என்று மேற்கோள் போட்டிருக்கிறாயே, அதன் தொடக்கத்தில் மூன்று புள்ளி இருக்கிறது. எங்கள் சரக்குச் சீட்டில், வர வேண்டிய சாமான் படகில் ஏறாமல் இருந்தால் அந்த இடத்தில் புள்ளி வைப்போம். புள்ளியைப் பார்த்தாலே எதையோ கரையில் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்று இறக்குகிறவருக்குத் தெரிந்துவிடும்.

நீ எதைக் கரையில் விட்டாய்?

அண்ணி


ஜூன் 23

அன்புள்ள அண்ணிக்கு,

வேலை நெருக்கடி. சுருக்கமாக எழுதுகிறேன், மன்னிக்கவும்.

மேற்கோளில் புள்ளிகள் வைப்பது அகராதி வழக்கம். இடத்தைச் சிக்கனப்படுத்துவதற்காக நீண்ட வாக்கியங்களைக் குறைப்போம். எல்லாச் சொல்லுக்கும் அப்படித்தான். பக்கத்துக்குப் பத்து இடத்திலாவது அந்தப் புள்ளிகளைப் பார்க்கலாம்.

நீங்கள் சொன்ன அந்த நாள் எனக்கு நினைவில் இல்லை. சின்னப் பையன் ஏதாவது உளறியிருப்பேன்.

ஆகஸ்டு முதல் தேதி என்னைத் தலைமைப் பதிப்பாசிரியராக நியமிக்கப் போகிறார்கள். இருபது வருட உழைப்பு. இந்த நேரத்தில் பழைய அட்டைகளை யாரும் கிளறாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது. உங்களுக்கும்தான், ஏனென்றால் பிறகு என்னால் ஏதாவது உதவி செய்ய முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூன் 28

தம்பி,

காதில் பூ சுற்றாதே. உனக்கு நினைவில் இல்லையா? வீட்டுக்கு வந்தவர் போனவர் எல்லோரிடமும் "அண்ணி பயந்துட்டாங்க, நான்தான் தைரியம் சொன்னேன்" என்று ஒரு வருடம் பெருமை அடித்தவன் நீ. நான் கேட்டது ஒரு கேள்வி, நீ அனுப்பியது சப்பைக்கட்டு.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். வியாழக்கிழமை கம்பெனி ஆட்கள் நான்கு பேர் சாம்பல் நிறப் பெயிண்டும் தூரிகையுமாக வந்தார்கள். விசாரணை இன்னும் நடக்கவே இல்லையே என்றேன். "எப்படியும் அழிக்கத்தானே போறீங்க, நாங்க இலவசமா அழிச்சுக் குடுக்கிறோம்" என்றான் ஒருவன். நாங்கள் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரமாகப் பார்த்து மூன்று படகில் அழித்துவிட்டான்கள். நாலாவது உன் அண்ணனின் படகு. அவர் பலகைக்கு முன்னால் போய் எழுத்தின் மேல் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார். "தள்ளுங்க பெரியவரே" என்றார்கள். "என் மேலயே அடிச்சுக்க" என்றார். சட்டையில் சாம்பல் கோடு ஒன்று விழுந்ததுதான் மிச்சம். மறுநாள் காலையில் அந்த மூன்று படகிலும் சிவப்பில் எழுதியாயிற்று, முன்பு இருந்ததைவிட ஒரு சாண் பெரிதாக.

உன்னிடம் எட்டு வருடமாகச் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். அண்ணன் ஏன் உன்னோடு பேசுவதை நிறுத்தினார் என்று உனக்குத் தெரியாது. நீ ஏதோ வீட்டுப் பங்கு விவகாரம் என்று நினைத்துக்கொண்டிருப்பாய்.

உன் நான்காம் தொகுதி வந்த அன்றைக்கே கடையில் போய் வாங்கி வந்தார். "பூச்சி எழுதினது, பூச்சி எழுதினது" என்று துறை முழுக்கத் தூக்கிக் காட்டினார். உனக்கு அந்தப் பட்டப்பெயரை வைத்தவரும் அவர்தானே, எந்நேரமும் புத்தகத்தை அரித்துக்கொண்டிருக்கிறாய் என்று. வீட்டுக்கு வந்து கை கழுவிவிட்டு உட்கார்ந்து, விரலால் ஒவ்வொரு வரியாகத் தேடிப் படுவையைக் கண்டுபிடித்தார். நம் சொல் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பிறகு படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"கம்பெனி வெச்ச பேராம்" என்றார். "அப்ப நம்ம பேரு யாரு வெச்சது?"

அவ்வளவுதான். புத்தகத்தை மூடினார். அன்றிலிருந்து அது படகுக் கொட்டகையில் தார் டப்பாவுக்கு அடியில் இருக்கிறது. டப்பா ஆடாமல் நிற்க அந்தக் கனம் தேவைப்படுகிறது என்கிறார்.

நீ தலைமைப் பதிப்பாசிரியர் ஆனால் எனக்கும் பெருமைதான். ஆனால் பதிலைச் சொல்லிவிட்டு ஆகு. மூன்று புள்ளி. எண்ணித் தெரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்கும் படிப்பு இருக்கிறது.

அண்ணி


ஜூலை 6

அன்புள்ள அண்ணிக்கு,

இந்தக் கடிதத்தை நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஐந்தாவதையும் படித்துப் பார்த்தால் கிழித்துவிடுவேன், அதனால் படிக்காமல் உறையில் போடப் போகிறேன்.

படுவைக்கு நான் எழுதிய முதல் அட்டை வேறு. வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். 'ப' வரிசையில் தகவல் சேகரிக்கச் சொன்னார்கள். எனக்கு அப்படி ஒரு உற்சாகம், என் சொல்லை நானே எழுதப் போகிறேன் என்று. 'படு என்பதிலிருந்து வந்தது. நீர் வற்றும்போது சாயாமல் சேற்றில் படுப்பதால். ஆற்றங்கரை வழக்கு' என்று முன்பக்கத்தில் எழுதி முடித்தேன். வாய்ப்பேச்சுத் தகவல் என்பதால் பின்பக்கக் கட்டங்களை நிரப்ப வேண்டும். தகவல் தந்தவர்: அப்பாவின் பெயரை எழுதினேன். தொழில்: படுவைக்காரர் என்று எழுதினேன். மூன்றாவது கட்டம், 'சேகரிப்பாளருக்கு உறவு'. அங்கே பேனா நின்றுவிட்டது.

காரணம் கேவலமானது. சேர்ந்த முதல் வாரம் டீ குடிக்கும்போது யாரோ ஒருவர், அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அங்கே இருந்தவர்களின் அப்பாக்கள் பேராசிரியர், வக்கீல், நூலகர். என் வாய் 'பள்ளி ஆசிரியர்' என்று சொல்லிவிட்டது. யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை. சொன்ன பிறகு அதைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று. அட்டைகள் எல்லோர் கையிலும் சுற்றும். 'படுவைக்காரர், உறவு தந்தை' என்று எழுதினால் மறுநாளே தெரிந்துவிடும். அட்டையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மாலையில் நூலகத்தில் அந்தக் கம்பெனியின் கால அட்டவணை கிடைத்தது. பிழைத்தேன் என்று நினைத்தேன். முன்னுரையின் முழு வாக்கியம் இதுதான்:

'ஆற்றங்கரை மக்கள் தம் முன்னோர் காலந்தொட்டு வழங்கிவரும் பெயராலேயே எம் படகுகளையும் படுவை எனப் பெயரிட்டு இயக்குகிறோம்.'

நான் முன்பாதியை வெட்டினேன். அது இருந்தால் மேலே இருப்பவர், "எந்த ஆற்றங்கரை? நேரில் போய்க் கேட்டு வரச் சொல்லு" என்பார். ஆள் வந்தால் நம் துறைக்குத்தான் வருவார். வந்தால் அப்பாவிடம்தான் கேட்பார். அப்பா டீ வாங்கிக் கொடுத்து, "நம்ம பையனும் அங்கதாங்க வேலை பாக்குறான்" என்று சொல்லாமல் இருக்க மாட்டார். அதனால் மூன்று புள்ளி வைத்தேன். பழைய காகிதங்களை வாங்கிய அந்தக் கம்பெனியிடமும் முழு வாக்கியம் இருக்கும். அவர்கள் எதற்கு வெளியே காட்டப் போகிறார்கள், என் அரை வாக்கியமே அவர்களுக்குப் போதுமே.

அப்பாவை ஒரு தடவை மறைத்தேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் எல்லோரையும் சேர்த்து மறைத்திருக்கிறேன்.

முன்னுரைப் பக்கத்தின் முழு நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். விசாரணையில் காட்டுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அது என்னிடமிருந்து வந்தது என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

தம்பி


ஜூலை 10

தம்பி,

நகல் வந்தது. கடிதமும் வந்தது.

கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். காட்டக் கூடாது என்று நீ எழுதவில்லை. அடிப்பலகைக்குத் தார் பூசிக்கொண்டே கேட்டார். அப்பா பள்ளி ஆசிரியர் என்ற இடம் வந்ததும் கை நின்றது. "என்ன பாடம்னு சொன்னானாம்?" என்று கேட்டார். நீ அதை எழுதவில்லை என்றேன். திரும்பப் பூச ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு உன் மேல் கோபம் தீரவில்லை. ஆனால் ஐந்தாவது கடிதத்தைக் கிழிக்காமல் அனுப்பினாயே, அதற்காகத் திட்டுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன்.

சங்க வக்கீலிடம் நகலைக் கொடுத்தோம். அந்த அம்மாள் இரண்டு முறை படித்துவிட்டுச் சொன்னது: "இது நல்ல ஆதாரந்தான். ஆனா அவங்க வக்கீல், 'பெரிய பெரிய படிச்சவங்க இந்த வரியப் பாத்துட்டுத்தானே விட்டிருக்காங்க, அதுக்கு ஒரு காரணம் இருக்கும்'னு ஒரே போடா போடுவார். விட்டவரே வந்து ஏன் விட்டேன்னு சொன்னாத்தான் நிக்கும்."

பெயர் சொல்லாமல் பூசி மெழுகி முடித்துவிடலாம் என்று நீ பார்க்கிறாய். நடக்காது. உன்னை வா என்று கெஞ்சவும் மாட்டேன். ஒன்றை மட்டும் தெரிந்துகொள். நேற்று நாற்பத்தோரு பேரும் உட்கார்ந்து முடிவு செய்துவிட்டோம். தோற்றாலும் அழிக்கப் போவதில்லை. துறையில் கட்ட விடாவிட்டால் சேற்றில் படுக்க வைத்துவிட்டு முழங்கால் சேற்றில் நடந்து சரக்கு இறக்குவோம். அதற்குத்தானே அது படுவை? எங்களுக்குக் கஷ்டம்தான், முடியாத காரியம் இல்லை. பல் டாக்டர்கூட நாற்காலியை நானே தூக்குகிறேன் என்று சொல்லியிருக்கிறார். அந்த ஆளால் ஒரு கால்கூடத் தூக்க முடியாது, இருந்தாலும் சொன்னாரே.

நாங்கள் நிற்கிறோம். நீ உன் மூன்றாவது கட்டத்தை நிரப்புவதா வேண்டாமா என்பது உன் பாடு.

ஜூலை இருபது, காலை பதினோரு மணி, இரண்டாம் மாடி.

அண்ணி


ஜூலை 24

அன்புள்ள அண்ணிக்கு,

விசாரணை முடிந்து வெளியே வந்ததும் நீங்கள் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் படியிறங்கி ஓடிவிட்டீர்கள். கோபமா, வேறு என்ன என்று தெரியாமல் நான்கு நாளாகத் தவிக்கிறேன்.

பின்வரிசையில் உட்கார்ந்திருந்த உங்களுக்கு என் முகம் தெரிந்திருக்காது. கம்பெனி வக்கீல் என்னைப் பார்த்துச் சிரித்தார், அவர் பக்கத்துச் சாட்சி வந்துவிட்டதாக நினைத்து. முழு வாக்கியத்தை நான் படித்தபோதுதான் அந்தச் சிரிப்பு போனது. "முன்பாதிய ஏன் விட்டீங்க?" என்று அதிகாரி கேட்டபோது 'இடச் சிக்கனம்' என்று சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் அவர், "உங்களுக்கும் இந்தச் சங்கத்துக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்று கேட்டார். இருபது வருடத்துக்கு முன் அட்டையில் இருந்த அதே கேள்வி. "எங்க அப்பா படுவைக்காரர். அண்ணன் படுவைக்காரர். பின்னால உக்காந்திருக்கிற தலைவி எங்க அண்ணி. நான் வெட்கப்பட்டு அந்த வரிய வெட்டினேன்" என்று சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது.

நேற்று அலுவலகக் குழு கூடியது. நானே எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்திருந்தேன். தலைமைப் பதிப்பாசிரியர் பதவி இல்லை. அகராதியில் சான்றைத் திரித்தவனை அந்த நாற்காலியில் உட்கார வைக்க முடியாது என்றார்கள், சரிதானே. பிழை திருத்தும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். முதல் பிழையாக என்னுடையதையே திருத்துகிறேன் என்றேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஆனால் சம்மதித்தார்கள்.

புது அட்டை இத்துடன் இருக்கிறது. முன்பக்கத்தில் இருப்பது நான் பதினொரு வயதில் உங்களுக்குச் சொன்னது. பின்பக்கக் கட்டங்களைப் பாருங்கள். அப்பா இப்போது இல்லாததால், தகவல் தந்தவர் என்ற இடத்தில் உங்கள் பெயர். தொழில், படுவைக்காரி. சேகரிப்பாளருக்கு உறவு, அண்ணி. கடைசிக் கோட்டில் உங்கள் கையெழுத்து வேண்டும்.

அண்ணனிடம் சொல்லுங்கள், கணக்குப் பாடம் என்று சொன்னேன்.

தம்பி


ஆகஸ்டு 9

தம்பி,

கோபம் இல்லையடா. அன்றைக்குப் பன்னிரண்டரைக்கு வற்றத் தொடங்கும். படகில் பதினாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவருக்கு ஆஸ்பத்திரி. நின்று உன்னைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் எல்லோரும் நடு ஆற்றில் டீ குடித்துக்கொண்டிருப்போம். அழ வேண்டியதைக் கழி ஊன்றிக்கொண்டே அழுதுவிட்டேன்.

உத்தரவு வந்துவிட்டது. படுவை ஊர்ப்பொதுச் சொல், யாரும் தனக்கென்று பதிய முடியாது, எழுத வேண்டாம் என்று யாரும் யாரையும் தடுக்கவும் முடியாது என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியென்றால் கம்பெனியும் எழுதிக்கொள்ளலாம் என்றுதானே அர்த்தம்? எழுதிக்கொண்டார்கள். வெள்ளைப் படகில் தங்க எழுத்தில், 'படுவை'. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். நான் மெகாபோனை எடுத்து, தண்ணீர் வற்றுகிற நேரம், போகாதீர்கள் என்று மூன்று தடவை கத்தினேன். பாட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை போலும். திருப்பத்தில் தட்டியது. கூரான அடி, வேறென்ன செய்யும், மெதுவாகச் சாய்ந்தது. மேசை, நாற்காலி, கேக்கு, கோட்டுப் போட்டவர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகச் சரிந்து நின்றார்கள். நம் படகுகள் ஆறு போய் ஒவ்வொருவராக ஏற்றிக்கொண்டு வந்தோம். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இறங்கும்போது கம்பெனி மேலாளர் நம் பலகையைப் பார்த்தார், தன் படகைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவே இல்லை. என் வாழ்நாளில் நான் சும்மா இருந்தது அந்த ஒரு நாள்தான்.

அவர்கள் எழுதிக்கொள்ளட்டும். தண்ணீர் வற்றட்டும், எது படுவை என்று அதுவே சொல்லும்.

பதவி போனதற்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆறுதல் சொல்லத் தெரியவில்லை. இங்கே உன்னைப் பற்றிப் பேசும்போது யாரும் குரலைத் தாழ்த்துவதில்லை, அதைத்தான் சொல்ல முடியும்.

கணக்குப் பாடம் என்று அண்ணனிடம் சொன்னேன். "அப்பாவுக்குக் கணக்கா? பத்து விரல் தாண்டினா என்னையக் கூப்பிடுவாரே!" என்று சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை, பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். தார் டப்பாவுக்கு அடியில் இப்போது ஒரு செங்கல் இருக்கிறது. புத்தகத்தின் அட்டையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். திருத்திய பக்கம் அச்சானதும் பூச்சியே கொண்டுவந்து ஒட்டட்டும் என்று சொல்லச் சொன்னார்.

நீ அனுப்பிய அட்டையைத் திருப்பி அனுப்புகிறேன். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நீ ஒரு கையெழுத்துக்குத்தான் கோடு போட்டிருந்தாய், கீழே இரண்டு இருக்கும். நான் சொல்லி அவர் போடவில்லை. பேனாவை வாங்கி, உறவு என்ற கட்டத்தில் நீ 'அண்ணி' என்று எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் 'அண்ணன்' என்று அவரே எழுதினார். கையில் தார் இருந்ததால் அட்டையில் கறை படிந்துவிட்டது.

அழிக்காதே.

அண்ணி